வாட்ஸ்அப்பில் சுருங்கிய படம், மக்கில் மங்கிய முகம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அம்மம்மாவுக்கு வாற மாதம் 80 வயது. அவவின்ர படத்தை 12×18 அங்குலத்தில் பிரேம் போட்டுக் குடுக்க விருப்பம். முழங்கால் வருத்தம், ஸ்ரூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போக ஏலாது. வீட்டில் போனில் எடுத்தால் சரிவருமா?
– சுன்னாகம் வாசகி

பதில்: சரிவரும். போனின் விலையைவிட, கதிரையை எங்கே போடுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். விறாந்தையின் விளிம்பிலிருந்து இரண்டு, மூன்று அடி உள்ளே, நிழலில் போடுங்கள். வெயில் அவர்மேல் படக்கூடாது, முற்றத்து வெளிச்சம் மட்டும் படவேண்டும். முகம் வெளிச்சத்தை நேரே பார்க்காமல் சற்றுச் சாய்வாக இருக்கட்டும். இருட்டாகத் தெரியும் கன்னத்தின் பக்கம் ஒருவர் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் போதும், கடையில் விற்கும் வெளிச்சத் தட்டு தேவையில்லை. வீட்டு லைற்றுகளை அணைத்துவிடுங்கள். மஞ்சள் பல்பும் பகல் வெளிச்சமும் கலந்தால் முகம் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் வரும், அதைப் பிறகு திருத்துவது பெரும்பாடு.

காலை எட்டரைக்கு முன், அல்லது பின்னேரம் நாலரைக்குப் பிறகு எடுங்கள். நடுப்பகலில் நம் ஊரில் சூரியன் உச்சியில் நிற்கும். அந்த நேரம் முற்றத்தில் எடுத்த படத்தில் கண்குழியும் மூக்கின் கீழும் கறுத்துவிடும். மாமர நிழலும் வேண்டாம். முகத்தில் புள்ளிபுள்ளியாக வெயில் விழும், தோலில் பச்சை ஏறும். பச்சை, நீலப் பெயின்ற் அடித்த சுவருக்கு ஒட்டினாற்போல் இருத்தினாலும் இதே கதைதான்.

முதலில் லென்ஸைத் துணியால் துடையுங்கள். பாதி வீடுகளில் படம் புகைபிடித்ததுபோல் வருவது விரல் எண்ணெயால். ஐந்தாறு அடி தள்ளி, அவருடைய கண் மட்டத்துக்குக் குனிந்து எடுங்கள். போனில் 2× இருந்தால் அதைப் பாவியுங்கள். கிட்டப் போய் எடுத்தால் மூக்குப் பெருத்துக் காது சிறுக்கும். திரையில் முகத்தைத் தொட்டுவிட்டு, வெள்ளைச் சேலையின் மடிப்புகள் தெரியும்வரை வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். பின்னணியை மங்கவைக்கும் போர்ட்ரெயிட் முறை நரைமுடியின் ஓரத்தையும் கண்ணாடிக் காம்பையும் தின்றுவிடும். ஆகவே அப்படியும் சாதாரணமாகவும் இரண்டு விதமாக எடுத்து வையுங்கள். முகத்தை மெழுகும் பியூட்டி வசதியை நிறுத்துங்கள். எண்பது வயது முகத்தில் சுருக்கத்தை அழித்தால் மிஞ்சுவது வேறொருவர். மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம் அடித்தால், காதின் மேலே காம்பைச் சற்று உயர்த்திவிடுங்கள், பளபளப்புப் போய்விடும்.

முப்பது, நாற்பது படமாவது எடுக்க வேண்டும். முதல் பத்தும் அடையாள அட்டைப் படம்போல விறைப்பாகத்தான் இருக்கும். பழைய கதை ஏதாவது கேளுங்கள். சொல்லி முடித்து வாயை மூடும் கணத்தில் அழுத்துங்கள்.

இனி அளவு. போன் படம் பெரும்பாலும் 4:3, உங்கள் பிரேம் 3:2. நெட்டாக எடுத்த படத்தின் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். அதற்குமேல் பிரேமின் உதடும் ஓரத்தில் கொஞ்சம் மறைக்கும். தோளுக்கு இருபுறமும் இடம் விட்டே எடுங்கள். 4000×3000 பிக்சல் (படத்தை ஆக்கும் புள்ளி) உள்ள படம் 18 அங்குலத்தில் அங்குலத்துக்கு 222 புள்ளி தரும். கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு 300 கேட்பார்கள், சுவர்ப் படத்துக்கு 200 தாராளம். பிரேம் போடுபவரிடம் மவுண்ட் அட்டை, அதாவது படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஓரத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை, கட்டாயம் கேளுங்கள். ஏன் என்பதைக் கடைசிக் கேள்வியில் பாருங்கள்.

கேள்வி: கனடாவில் இருக்கும் மகன் குடும்பப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். போனில் கண்ணாடிபோல இருந்தது. 12×18 அங்குலத்துக்குப் பெருப்பித்தால் முகமெல்லாம் கலங்கல். கடைக்காரர் ‘படம் சரியில்லை’ என்கிறார். பிழை யாருடையது?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: படம் சரியில்லைத்தான், ஆனால் அதை அச்சடிக்க முன் சொல்லியிருக்க வேண்டியவர் அவர். வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும் படத்தின் நீளப்பக்கத்தை 1600 பிக்சல் அளவுக்குச் சுருக்கிவிடும். 1600ஐ 18ஆல் பிரித்தால் அங்குலத்துக்கு 89 புள்ளி. அதிலும் ஆறு பேர் நிற்கும் படமென்றால் ஒரு முகத்துக்கு நூறு, நூற்றைம்பது பிக்சல்தான் கிடைக்கும். கையகலத் திரைக்கு அது போதும், சுவருக்குப் போதாது.

மகனிடம் அதே படத்தை ‘டொக்கியுமென்ற்’ ஆக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள், அல்லது கூகுள் டிரைவில் ஏற்றச் சொல்லுங்கள். எச்டி என்று அனுப்பினால் முன்னையதைவிட நல்லது, ஆனால் அதுவும் மூலப்படம் அல்ல. பேஸ்புக்கில் இருந்து ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் கொடுப்பதைப்போல மோசமானது வேறில்லை. படத்தின் விவரத்தைத் திறந்தால் பிக்சல் எண் இருக்கும். அதைப் பார்த்துவிட்டே கடைக்குப் போங்கள்.

முழு அளவில் அடிக்கமுன், முக்கியமான முகம் உள்ள பகுதியை மட்டும் அதே பெருப்பத்தில் 4×6 தாளில் அடித்துக் காட்டச் சொல்லலாம். சின்னச் செலவு, பெரிய நட்டத்தைத் தடுக்கும். ‘ஏஐயில் தெளிவாக்கித் தருகிறோம்’ என்றால் யோசியுங்கள். இல்லாத விவரத்தை அது ஊகித்து வரைகிறது. பல்லும் கண்ணும் பளிச்சென்று வரும், ஆனால் உங்கள் பேரனுடையவையாக இரா.

கேள்வி: பிறந்தநாளுக்குப் படம் போட்ட மக் செய்வித்தேன். மூன்று கிழமையில் கைப்பிடியோரம் வெளிறிவிட்டது. ‘விற்ற பொருளுக்கு நாங்கள் பொறுப்பில்லை’ என்கிறது கடை.
– சாவகச்சேரி வாசகி

பதில்: முதலில் மக்கைப் பாருங்கள். படத்தின் ஓரத்தில் நகத்தை ஓட்டுங்கள். தடக்கினால் அது மேலே ஒட்டிய படலம், உரியத்தான் செய்யும். தடக்காவிட்டால் சப்ளிமேசன். அதாவது தாளில் இடவலம் மாற்றி அடித்த மை, சூட்டில் ஆவியாகி மக்கின் மேற்பூச்சுக்குள் இறங்குகிறது. இதற்கென்று பூச்சிட்ட மக் வேண்டும், 180 முதல் 200 பாகை செல்சியஸ் சூடு வேண்டும், ஏறத்தாழ மூன்று நிமிடம் வேண்டும், சுற்றிவர ஒரே அழுத்தம் வேண்டும். அழுத்தும் பட்டி கைப்பிடியோரம் சரியாகப் பிடிக்காவிட்டால் அங்கேதான் முதலில் வெளிறும். எனவே நீங்கள் சொல்வது செய்முறைக் குறையாகவே தெரிகிறது. கம்பித் தும்பால் தேய்த்திருந்தால் மட்டும் கதை வேறு.

பெயரும் படமும் போட்டுச் செய்வித்த பொருளை ‘மனம் மாறிவிட்டது’ என்று திருப்பிக் கொடுக்கப் போனால் கடை மறுப்பதில் நியாயம் உண்டு. குறையுள்ள பொருள் அப்படியல்ல. பற்றுச்சீட்டுடனும் மக்கின் படத்துடனும் போய், மாற்றித் தரும்படி முதலில் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் செய்யவேண்டும். தொலைபேசி 1977. கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டியது விற்பவரின் கடமை என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ‘மக் ஒன்றுக்கு எதற்குத் துண்டு’ என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்தமுறை செய்விக்கும்போது: வலக்கையில் மக்கைப் பிடித்தால் குடிப்பவருக்குத் தெரிவது ஒரு பக்கம், முன்னால் இருப்பவருக்குத் தெரிவது மறுபக்கம். கைப்பிடிக்கு நேரெதிரே நடுவில் வைத்த முகம் இருவருக்கும் அரைகுறைதான். முகத்தை ஒரு பக்கத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சூடு பட்டால் படம் தெரியும் மஜிக் மக், படம் போட்ட ரீசேட் இரண்டும் நல்லதா?
– பருத்தித்துறை வாசகர்

பதில்: மஜிக் மக் மேசையில் பெரும்பாலான நேரம் வெறும் கறுப்பு மக்தான். மைக்ரோவேவ் ஆகாது, மேற்பூச்சு நாளடைவில் தேயும். வேடிக்கைக்கு வாங்கலாம். ரீசேட்டில் துணியைக் கேளுங்கள். சப்ளிமேசன் வெளிர்நிறப் பொலியெஸ்ரரில் மட்டுமே நிற்கும். பருத்தியில் அடித்தால் சில தோய்ச்சலில் போய்விடும், அதற்கு வேறு முறை உண்டு.

கேள்வி: அப்பா காலமாகிவிட்டார். 31ஆம் நாள் கல்வெட்டுக்கு (நினைவுப் புத்தகத்துக்கு) போட இருக்கிற ஒரே நல்ல படம் பழைய பிரேமில், கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கிறது. எப்படிக் கழற்றுவது?
– நல்லூர் வாசகர்

பதில்: கழற்றாதீர்கள். படத்தின் மேற்பரப்பில் இருப்பது ஜெலற்றின் படலம். மாரி ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியில் ஒட்டிக் காய்ந்திருக்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். மவுண்ட் அட்டை இருந்திருந்தால் இடைவெளி இருந்திருக்கும்.

பின்பலகையை மட்டும் மெதுவாக எடுத்து, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கானரில் கவிழ்த்து வையுங்கள். போஸ்ட்கார்ட் அளவென்றால் 600 புள்ளியில், பாஸ்போர்ட் அளவென்றால் 1200இல் எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடி தடிப்பாக இருந்து ஸ்கான் மங்கினால் கமராவில் எடுக்கலாம். நிழலான இடத்தில் படத்தைக் கிடத்தி, வெளிச்சம் பக்கவாட்டில் வர, கறுப்புத் துணியில் துளையிட்டு லென்ஸை அதனூடாக நீட்டினால் பிரதிபலிப்பு விழாது.

திருத்துபவர் தரும் படத்தை மூலத்துக்குப் பக்கத்தில் வைத்து, அப்பாவை இளவயதில் அறிந்த ஒருவருக்குக் காட்டுங்கள். மீசையின் ஓரமும் புருவமும்தான் முதலில் மாறிப்போகும். அச்சகத்தில் கல்வெட்டுக்குப் பயன்படுத்தும் அதே தாளில் ஒரு மாதிரி கேளுங்கள், முகம் சிவந்து வந்தால் அப்போதே குறைக்கலாம். வேலை முடிந்ததும் தாள் பிரதியோடு, ஸ்கான் செய்த கோப்பையும் திருத்திய கோப்பையும் தனித்தனியாக வாங்கி வையுங்கள்.