பிரபலங்கள் வச்சிருந்த பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள்ல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?

கேள்வியப் பாத்ததும் நிறைய பேர் ஜேம்ஸ் பாண்ட் ஆஸ்டன் மார்ட்டின்னு எழுதுவீங்கன்னு தெரியும். அது படத்துக்கு வந்த வண்டிங்க. ஒரு நடிகர் சொந்தக் காசு போட்டு வாங்கி, தெனமும் ஓட்டி, போலீஸ்ல மாட்டி, வித்துட்டு, மனசு கேக்காம மறுபடியும் போய் வாங்குன வண்டின்னா எனக்கு ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீனோட ஜாகுவார் எக்ஸ்கேஎஸ்எஸ் தான்.

இதுல தமாஷ் என்னன்னா, இத யாரும் உக்காந்து யோசிச்சு புதுசா டிசைன் பண்ணல, விக்காம தேங்கிப்போன சரக்கு. ஜாகுவாரோட டி-டைப் ரேஸ் கார் 1955, 56, 57னு மூணு வருஷம் தொடர்ந்து லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸ ஜெயிச்சுது, ஆனா 56 முடியுறப்பவே கம்பெனி சொந்தமா ரேஸ் டீம் நடத்துறத நிறுத்திடுச்சு (57ல ஜெயிச்சது ஒரு ஸ்காட்லாந்து டீம்), இங்கிலாந்துல கவென்ட்ரி ஊர்ல இருந்த பிரவுன்ஸ் லேன் ஃபேக்டரில முடிஞ்சதும் முடியாததுமா 25 வண்டி அப்படியே நிக்குது. சரி, அமெரிக்காக்காரன் தலையில கட்டிடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க.

என்ன பண்ணாங்கன்னு பாருங்க. டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவுல இருந்த தடுப்பத் தூக்கிட்டாங்க, இடது பக்கம் புதுசா ஒரு கதவு, டிரைவர் தலைக்குப் பின்னால சுறா துடுப்பு மாதிரி நின்னத எடுத்தாச்சு, முன்னாடி முழு அகலத்துக்குக் கண்ணாடி, மழைக்கு ஒரு துணிக் கூரை, பேருக்கு ஒரு பம்பர். பின்னாடி பெட்ரோல் டேங்கும் ஸ்டெப்னியும் இடத்த அடைச்சுக்கிட்டதால டிக்கியே கிடையாது, அதனால நம்ம பழைய அம்பாசடர் மேல கேரியர் வப்பாங்களே அந்த மாதிரி வால் மேல ஒரு சின்ன கேரியர். அவ்ளோதான், எக்ஸ்கேஎஸ்எஸ்ங்கிற ரோட்டு வண்டி ரெடி! எஞ்சின்ல கை வைக்கல. அதே 3.4 லிட்டர் ஆறு சிலிண்டர், மூணு வெபர் கார்புரேட்டர், 250 குதிரைத்திறன். எடை ஒரு டன் கூட வராது. சைலன்சர் குழாய் இடது பக்கக் கதவுக்குக் கீழயே ஓடும், ஸ்டீயரிங் வலது பக்கம், ஆக சூடெல்லாம் பக்கத்துல உக்காந்து வர்றவங்களுக்கு.

1957 பிப்ரவரி 12, ஃபேக்டரில தீ. 25ல 9 வண்டி போச்சு, வெளிய வந்தது 16. பின்னாடி ரெண்டு டி-டைப்ப ஜாகுவாரே இப்படி மாத்திக் குடுத்ததால 18னு கணக்கு சொல்றவங்களும் உண்டு. எப்படிப் பாத்தாலும் ஒரு மினி பஸ்ல உக்கார வைக்கிற எண்ணிக்கைதான்.

மெக்வீன் வாங்குனது 1958ல, 5000 டாலர், அப்ப அவர் பெரிய ஸ்டார்லாம் இல்ல. லாஸ் ஏஞ்சல்ஸ் டிவி ஆளு பில் லெய்டன்கிட்ட இருந்த வண்டி, வெள்ளை கலர், உள்ள சிவப்பு சீட்டு. இவரு வாங்கி வெளிய கரும்பச்சை, உள்ள கருப்புன்னு மாத்திட்டு 'கிரீன் ராட்'னு பேரும் வச்சாரு, அதாவது பச்சை எலி. மல்ஹாலண்ட் டிரைவ் மலை ரோட்டுல இவரு போன வேகத்துக்கு முதல் வருஷமே லைசென்ஸ் ரெண்டு தடவை பறிபோகப் பாத்துச்சாம். ஒரு தடவை போலீஸ் மடக்குனப்ப பக்கத்துல கர்ப்பமா இருந்த மனைவிய காட்டி "பிரசவ வலி"ன்னு அடிச்சு விட்டு, போலீஸே ஆஸ்பத்திரி வரைக்கும் பாதுகாப்பா கூட்டிட்டுப் போன கதைய அவர் மனைவி நீல் ஆடம்ஸே சொல்லியிருக்காங்க. அந்தம்மா செம கோவத்துல இருந்தாங்களாம், இருக்காதா பின்ன.

60கள் கடைசில நெவாடால பெரிய கார் சேகரிப்பு வச்சிருந்த வில்லியம் ஹாராவுக்கு வித்துட்டாரு. ஆனா பொறுக்கல, 70கள்ல திரும்ப வாங்கி 1980ல சாகுற வரைக்கும் வச்சிருந்தாரு. இப்ப லாஸ் ஏஞ்சல்ஸ் பீட்டர்சன் மியூசியத்துல இருக்கு. 2016ல ஜாகுவார், தீயில போன 9 வண்டிக்குப் பதிலா புதுசா 9 செஞ்சு தலா 10 லட்சம் பவுண்டுக்கு மேல விக்கிறோம்னு அறிவிச்சாங்க. பழைய முறைல கையாலயே தட்டி செஞ்சதுதான், குறை சொல்ல முடியாது, ஆனாலும் எனக்கு அது செத்தவங்க பேர புள்ளைக்கு வைக்கிற மாதிரிதான், பேரு அதே, ஆளு வேற.

வேலை விஷயமா லாஸ் ஏஞ்சல்ஸ் போனப்ப மெக்வீன் வண்டிய நேர்ல பாத்தேன். டேஷ்போர்டுல சாமான் வைக்கிற பொந்துக்கு மூடி கிடையாது, ஆக்சிலேட்டர மிதிச்சா கூலிங் கிளாஸ் வெளிய பறக்குதுன்னு வான் டச்னு ஒரு கைவினைக்காரர்கிட்ட சொல்லி ஒரு மூடி செஞ்சு போட்டிருக்காரு. இத்தன கோடி பெறுமான வண்டில நான் எட்டி எட்டிப் பாத்தது அந்த மூடியத்தான், கூட வந்த ஃப்ரெண்டு பார்க்கிங் டைம் முடியுதுடான்னு கைய புடிச்சு இழுத்துட்டு வந்துட்டான்.