சைனஸ் ஆபரேஷன் செய்தாலும் திரும்ப வருமாமே?

கேள்வி: எனக்கு 38 வயது. பள்ளி ஆசிரியை. நான்கு வருடமாக மூக்கடைப்பு. கெட்டிச் சளி தொண்டையில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. காபி வாசனைகூடத் தெரிவதில்லை. சி.டி. ஸ்கேன் பார்த்த டாக்டர் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார். 'செய்தாலும் திரும்ப வரும், கண்ணுக்கும் ஆபத்து' என்று வீட்டில் தடுக்கிறார்கள். என்ன செய்ய? – வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் வீட்டார் சொல்வதில் பாதி உண்மை உண்டு.

சைனஸ் என்னும் காற்றறைகள் எல்லோருக்கும் உள்ளவை. அவற்றின் உள்சவ்வு வீங்கி 12 வாரத்துக்கு மேலும் தணியாவிட்டால் அது நாள்பட்ட சைனசைட்டிஸ். ஆபரேஷன் அடைபட்ட வாசலைத் திறக்கும், மருந்து உள்ளே போக வழி செய்யும். சவ்வின் வீங்கும் சுபாவம் அப்படியேதான் இருக்கும். அதனால் பிறகும் மூக்கைக் கழுவி, ஸ்பிரே போட்டு வர வேண்டும். பலர் ஒரே மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். விடாமல் மருந்து போட்டும் பாலிப், அதாவது சவ்வு வீங்கித் தொங்கும் சதை, திரும்ப வளர்பவர்கள் உண்டு, குறிப்பாக ஆஸ்துமா உள்ளவர்களுக்கு. அது அவர்கள் தவறல்ல.

கண்ணைப் பற்றிய பயத்துக்கும் காரணம் இருக்கிறது. கண்ணுக்கும் சைனஸுக்கும் நடுவே காகிதம் போன்ற எலும்புதான். அந்த இடத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளத்தான் சி.டி. முன்பெல்லாம் மேலுதட்டைத் தூக்கி எலும்பைக் குடைந்தார்கள். இப்போது மூக்குத் துவாரம் வழியாக எண்டோஸ்கோப் என்னும் மெல்லிய கேமராக் குழாயில் பார்த்தே செய்கிறோம். வெளியே தையல் கிடையாது. கண்ணையோ மூளையையோ தொடும் பெரிய சிக்கல் நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

எனக்கு உங்களிடம் ஒரு கேள்வி. ஸ்டீராய்டு ஸ்பிரேயை எத்தனை நாள், எப்படிப் போட்டீர்கள்? 'அடிச்சேன் டாக்டர், கேக்கல' என்பவர்களை என் முன்னால் அடித்துக் காட்டச் சொல்வேன். அண்ணாந்து, நடுச்சுவரைப் பார்த்து அடித்து, பலமாக உறிஞ்சுவார்கள். மருந்து முழுக்கத் தொண்டைக்குப் போய்விடும். தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையால் இடது மூக்கில், இடது கையால் வலது மூக்கில், காதுப் பக்கமாக அடியுங்கள். மெதுவாக மூச்சிழுத்தால் போதும். அதற்கு முன் உப்புநீரால் மூக்கைக் கழுவுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் மட்டுமே. குழாய்த் தண்ணீரில் மூளையைத் தாக்கும் அமீபா இருக்கக்கூடும்.

இப்படி 8 முதல் 12 வாரம் தினமும் செய்தும் ஸ்கேனில் அடைப்பு அப்படியே இருந்தால் தயங்காமல் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ளுங்கள். மூச்சு நன்றாகவே சீராகும். வாசனை பலருக்குத் திரும்புகிறது, எல்லோருக்கும் அல்ல.

இடையில் கண் வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ, காய்ச்சலோடு தாங்க முடியாத தலைவலி வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.