சந்தைக்குள் போகாமல் சந்தையைப் படிப்பது எப்படி?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நான் சமூகவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. சாதாரண உலாவியில் திறக்காத, அடையாளத்தை மறைத்து இயங்கும் இணையப் பகுதியான டார்க்நெட்டின் சந்தைகளையும், அங்கே விற்போரும் வாங்குவோரும் தங்களுக்குள் அமைத்துக்கொள்ளும் குழுக்களையும் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். நெறியாளர், 'போலீஸ் விவகாரம், வேண்டாம்' என்கிறார். 'போதைப்பொருள் விற்கும் இடத்தைப் படிக்கவா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேன்?' என்று அப்பா கேட்கிறார். உடன் படிக்கும் நண்பனோ, உள்ளே கணக்குத் தொடங்கிப் பேசிப் பழகி, சிறிதாக ஏதாவது வாங்கியும் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்கிறான். இது படிப்புக்குரிய பொருள்தானா? எங்கிருந்து தொடங்குவது?
— பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: அன்புள்ள மாணவிக்கு, படிப்புக்குரிய பொருள்தான், அதை உங்கள் நெறியாளரிடம் சொல்வதற்கு உங்கள் ஊரே உங்களுக்குத் துணை நிற்கிறது. சைபர் குற்றவியல் என்னும் துறைக்குப் பெயர் சூட்டி, அதற்கென ஒரு பன்னாட்டு ஆய்விதழை 2007இல் தொடங்கிய கே. ஜெய்சங்கர் அப்போது பணியாற்றியது திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில்தான்.

நண்பரின் யோசனையை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும்கூட உரிய அனுமதி பெற்ற வழியைத்தான் ஏற்கிறது. ஆய்வேட்டுக்காக வாங்கினேன் என்பது அதன் முன் எடுபடாது. வாடிக்கையாளர் வேடமிட்டுப் பேச்சுக் கொடுப்பதும், கேட்பவர் யாரென்று அறியாமல் பதில் சொல்லும் ஒருவரை ஏமாற்றுவதே ஆகும். சட்டத்தையும் நெறியையும் விட்டுவிட்டுப் பார்த்தாலும், இத்துறையில் இதுவரை கிடைத்த நல்ல முடிவுகளில் பலவற்றைத் தந்தவர்கள், எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த பக்கங்களைப் பொறுமையாகச் சேகரித்து வாசித்தவர்களே.

சில்க் ரோடு என்னும் சந்தை 2011இன் தொடக்கத்தில் திறக்கப்பட்டு, 2013 அக்டோபரில் அதன் நிறுவனர் ராஸ் உல்பிரிக்ட் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு பொது நூலகத்தில் கைதானபோது மூடப்பட்டது. அது நடந்துகொண்டிருக்கையிலேயே, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் கிறிஸ்டின், 2012 பிப்ரவரி முதல் ஜூலை வரை ஏறத்தாழ ஆறு மாதம் அதன் பக்கங்களை நாள்தோறும் பதிவு செய்தார். சுமார் 24,400 விற்பனைப் பொருள்கள் அவர் பார்வைக்கு வந்தன. சந்தை தன் விற்றுமுதலை வெளியிடவில்லை. ஆனால் சரக்கு கைக்கு வந்ததும் வாங்கியவர் பின்னூட்டம் இடுவது அங்கே வழக்கம். ஒரு பின்னூட்டத்தை ஒரு விற்பனையாகக் கொண்டு, அதைப் பொருளின் விலையால் பெருக்கிக் கூட்டியபோது, மாதத்துக்கு ஏறத்தாழ 12 லட்சம் டாலர் என்ற மதிப்பீடு கிடைத்தது. கடைக்குள் நுழையாமல், வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணிக் கூட்டத்தைக் கணக்கிடுவது போன்ற வேலை இது.

செருப்பை எண்ணுவதிலும் ஏமாற வழியுண்டு என்பதுதான் நீங்கள் கற்க வேண்டிய முதல் பாடம். சரக்குத் தீர்ந்துபோன அல்லது சில நாள் விடுப்பில் போகும் விற்பனையாளர், தன் பக்கத்தை நீக்குவதில்லை. நீக்கினால் அதுவரை சேர்த்த பின்னூட்டங்களின் பெருமையும் அதோடு போய்விடும். அதற்குப் பதிலாக, யாரும் வாங்க முடியாத அளவுக்கு விலையை ஏற்றி வைத்துவிடுவார். நேற்றுவரை 20 டாலருக்கு விற்ற ஒரு பொட்டலம் இன்று 20,000 டாலர் என்று காட்டும். அதன் கீழே பழைய பின்னூட்டங்கள் 150 அப்படியே இருக்கும். யோசிக்காமல் பெருக்கினால் 3,000 டாலர் வியாபாரம் 30 லட்சம் டாலராகிவிடும். எண்கள் நான் சும்மா வைத்துக்கொண்டவை, வழக்கம் உண்மையானது. பத்திரிகைச் செய்திகளில் இச்சந்தைகளைப் பற்றி வாய் பிளக்க வைக்கும் தொகைகளைக் காணும்போதெல்லாம், இந்த ஒற்றைப் பொட்டலம் எனக்கு நினைவுக்கு வரும். கிறிஸ்டினும் கைல் சோஸ்காவும் 2015இல் 16 சந்தைகளை வைத்து வெளியிட்ட கட்டுரையில் இத்தகைய விலைகளைக் களைவதற்கே தனிக் கவனம் செலுத்தினார்கள். அதன் பிறகு தெரிந்த படம் வேறு: விற்பனையாளர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் மொத்தமாகவே 1,000 டாலருக்கு மேல் விற்றதில்லை, உச்சியிலிருந்த 1 விழுக்காட்டினர் கையில் பாதிக்கும் மேற்பட்ட வியாபாரம் இருந்தது.

இதற்குமேல் எண்களைப் பொறியியலாளர்களுக்கு விட்டுவிடலாம். சமூகவியல் மாணவியான உங்களுக்கு உரிய கேள்வி, முகம் தெரியாத, வழக்குப் போட முடியாத இருவர் எதை நம்பிப் பணம் கொடுக்கிறார்கள் என்பது. சில்க் ரோடு பின்னூட்டங்களில் 100க்கு 97க்கு மேல் நல்ல மதிப்பெண்களே இருந்தன என்பதைக் கிறிஸ்டின் பதிவு செய்கிறார். எல்லோரும் நல்லவர் என்று சொல்லும் பட்டியல் யாருக்குப் பயன்படும்? ஆகவே வாங்குவோர் நட்சத்திரங்களைக் கடந்து, தங்களுக்குள் நடக்கும் பேச்சை நாடினார்கள். அந்தப் பேச்சில்தான் உங்கள் ஆய்வேடு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அதன் எதிர்பாராத பக்கம் ஒன்றைச் சொல்கிறேன். ஃபெர்னாண்டோ கௌதெவில்யா என்ற ஸ்பானிய மருத்துவர், 2013இல் சில்க் ரோடு உறுப்பினர்களின் உரையாடல் பகுதியில் 'டாக்டர் எக்ஸ்' என்ற பெயரில், எதை எதோடு சேர்த்தால் ஆபத்து, எந்த நோயுள்ளவர் எதைத் தொடவே கூடாது என்று கட்டணமின்றிப் பதில் எழுதினார். பிறகு அவரும் பிறரும் ஸ்பெயினின் எனர்ஜி கன்ட்ரோல் அமைப்பின் வழியே, இச்சந்தைகளில் வாங்கியவர்கள் அனுப்பிய மாதிரிகளைச் சோதித்து வெளியிட்டார்கள்: 219 மாதிரிகளில் 200இல் சொன்ன பொருளே இருந்தது. இதைப் படித்துவிட்டு 'சரக்கு சுத்தம்' என்று எழுதிவிடாதீர்கள். கொக்கெயின் மாதிரிகளில் ஏறத்தாழ பாதியில் லெவமிசோல் என்னும் கால்நடைக் குடற்புழு மருந்து கலந்திருந்தது. தவிர, சோதனைக்கு அனுப்பும் அக்கறை உள்ளவர்களின் மாதிரிகள்தாம் அவை.

உங்கள் அப்பாவின் கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. 2015 மே மாதம் உல்பிரிக்ட்டுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் அவருக்குப் பொதுமன்னிப்புக் கிடைத்தது வேறு கதை. அந்தத் தண்டனைச் செய்தி பரவிய நாள்களில் வியாபாரம் குறையவில்லை, கூடியது என்று இசக் லடேகார்ட் என்ற சமூகவியலாளர் கண்டார். கடும் தண்டனை அச்சம் தரும் என்று நம்பிச் சட்டம் இயற்றுகிறவர்களுக்கு இதைச் சொல்ல யாராவது படித்துத்தானே ஆக வேண்டும்?

நெறியாளரின் அச்சத்தை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கார்னகி மெலனிலேயே இயங்கும் மென்பொருள் பொறியியல் நிறுவனம், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியில் இச்சந்தைகள் இயங்கும், பயன்படுத்துவோரின் அடையாளத்தை மறைக்கும் டோர் வலையமைப்பைப் பற்றிச் செய்த ஆய்வின் தரவுகளை எஃப்.பி.ஐ. ஆணை அனுப்பிப் பெற்றுக்கொண்டது 2016இல் ஒரு நீதிமன்ற உத்தரவின் வழியே வெளிவந்தது. சேர்த்து வைத்தால் கேட்டு வருவார்கள். ஆகவே தேவையில்லாத எதையும் சேர்க்காதீர்கள். புனைபெயர்களையும் மாற்றி எழுதுங்கள், ஏனெனில் ஒருவர் ஒரே புனைபெயரில் பல இடங்களில் உலவுவார். பதிவுகளை அப்படியே மேற்கோள் காட்டினால் தேடிப் பிடித்துவிடலாம். தமிழாக்கி எழுதினால் அந்தத் தொல்லை பெருமளவு குறைகிறது என்பது நம் மொழியில் எழுதுவதன் ஒரு சிறு லாபம். படங்களை மொத்தமாகத் தரவிறக்கவே வேண்டாம்: குழந்தைகளின் ஆபாசப் படங்கள் அவற்றில் கலந்திருக்கக்கூடும்; தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி அவற்றைத் தேடுவதும் சேகரிப்பதும் தரவிறக்குவதும் குற்றம். எழுத்து மட்டும் போதும். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைத் தொடங்குமுன் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

நீங்கள் உயிருள்ள சந்தை எதையும் தொடத் தேவையில்லை. 2013 முதல் 2015 வரையிலான பல சந்தைகளின் பக்கங்களையும் உரையாடல்களையும் குவெர்ன் பிரான்வென் என்ற பெயரில் எழுதும் தனி ஆய்வாளர் சேமித்து, 2015இல் பொதுவில் வைத்தார். விட்டுப்போன பக்கங்கள் அதில் ஏராளம் என்று அவரே எச்சரிக்கிறார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சைபர் குற்ற மையம், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட கல்வி நிறுவன ஆய்வாளர்களுக்கு இணையவழிக் குற்றக் குழுக்களின் தரவுகளைத் தருகிறது.

நானாக இருந்தால் எவல்யூஷன் சந்தையை எடுப்பேன். 2015 மார்ச்சில் அதன் நிர்வாகிகள், உறுப்பினர்கள் எஸ்க்ரோவில், அதாவது சரக்குக் கைக்கு வரும்வரை சந்தையே பணத்தைப் பிடித்துவைக்கும் ஏற்பாட்டில், ஒப்படைத்திருந்த பணத்தையெல்லாம் சுருட்டிக்கொண்டு மறைந்தார்கள். சீட்டுப் பிடித்தவர் இரவோடிரவாக ஊரைவிட்டு ஓடும் கதையை நாம் அறிவோம், அங்கே புகார் கொடுக்கக் காவல் நிலையம் இல்லை என்பதுதான் வேறுபாடு. ஓடுவதற்கு முந்தைய ஒரு மாதப் பேச்சிலிருந்து 100 பதிவுகளையும், பிந்தைய ஒரு மாதத்திலிருந்து 100 பதிவுகளையும் எடுத்து, யார் யாரை என்ன காரணம் சொல்லி நம்பச் சொல்கிறார்கள் என்று கையாலேயே வகை பிரித்துப் பாருங்கள். இரண்டு வாரத்தில் முடிகிற வேலை. அந்தத் தாள்களோடு நெறியாளரை மறுபடி போய்ப் பாருங்கள்.