பள்ளியின் தகர ஷெட்டும் உங்கள் வீட்டு இரும்புப் படிக்கட்டும்

வாசகர் கடிதத்தின் சுருக்கம்: சேலம் அழகாபுரம் பக்கம் 1991இல் வீடு கட்டிக் குடியிருப்பவர், பணி ஓய்வு பெற்றவர். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப்புறம் ஒரு தனியார் பள்ளி. பழைய கட்டடத்தில் மராமத்து நடக்கிறது, "ஆறு மாசந்தான் சார்" என்று தாளாளர் நேரில் வந்து சொல்லிவிட்டு, போன வருடம் ஜூனில் சுவரிலிருந்து நாலடி தள்ளி இரும்புக் குழாய் நட்டு, தகரம் போட்டு, இரண்டு வகுப்பறைகள் அமைத்தார். ஒன்றரை வருடம் ஆகப்போகிறது, ஷெட் அப்படியே நிற்கிறது. காலையிலிருந்து வாய்ப்பாடு சத்தம். மழை பெய்தால் கூரைத் தண்ணீர் முழுக்க இவர் பக்கம். மனைவிக்குக் கண் ஆபரேஷன் ஆன நேரத்தில்கூட ஓய்வில்லை. கேட்கப் போனால் "பிள்ளைங்க படிக்கிறது உங்களுக்குப் பொறுக்கலையா?" என்கிறார்களாம். உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு ஷெட்டை இடிக்க முடியுமா, நஷ்டஈடு கிடைக்குமா என்று கேட்டு, ஏழு புகைப்படங்களோடு பதினொரு பக்கம் எழுதியிருக்கிறார்.

பதினொரு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். அதில் வழக்குக்கு உதவும் வரி ஒன்றுதான்: "அப்ரூவல் எதுவும் வாங்கவில்லை என்று அங்கே வேலை பார்ப்பவரே சொன்னார்." மற்றதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். தாளாளர் வாக்குத் தவறியதும், ஊர் நடுவே உங்களைப் பேசியதும் மனதை அறுக்கும் விஷயங்கள்தான். ஆனால் திட்ட அனுமதி வழக்கில் அவற்றுக்கு எடை கிடையாது. நஷ்டஈட்டையும் மறந்துவிடுங்கள். வாய்ப்பாடு சத்தத்தை மனுவில் எழுதவே எழுதாதீர்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் பள்ளியைச் சுற்றி நூறு மீட்டர்தான் அமைதி மண்டலம், அதாவது அந்த விதி பாதுகாப்பது பள்ளியை. பிள்ளைகள் படிக்கும் சத்தத்தைத் தொல்லை என்று எழுதினால், முதல் நாளே நீதிபதியின் மனதில் நீங்கள் பள்ளிக்கு எதிரானவர் ஆகிவிடுவீர்கள்.

சட்டப்படி கேள்வி ஒன்றே ஒன்று. அந்த ஷெட்டுக்கு அனுமதி இருக்கிறதா? இருந்தால் எந்தத் தேதி வரை?

"தற்காலிகம்தானே, அனுமதி எதற்கு?" என்று பள்ளி சொல்வது நிற்காது. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் கட்டடம் எழுப்புவதும், நிலத்தின் உபயோகத்தைக் குறிப்பிடும்படி மாற்றுவதும் அனுமதி வாங்கிச் செய்ய வேண்டியவை. சில சில்லறை வேலைகளுக்கு விலக்கு உண்டு. பிள்ளைகள் நாள் முழுக்க உட்காரும் வகுப்பறை, தகரமானாலும் சரி கான்கிரீட்டானாலும் சரி, அந்தக் கணக்கில் வராது. பக்கத்து வீட்டுக்காரரான உங்களுக்கு வழக்குப் போட உரிமை உண்டா என்ற சந்தேகமும் வேண்டாம். உடுப்பியில் கல்யாண மண்டபம் என்று அனுமதி வாங்கிய இடத்தை சினிமா தியேட்டராக மாற்றப் பார்த்தபோது அந்தப் பகுதிவாசி எதிர்த்து நின்றார். கே.ராமதாஸ் ஷெணாய் வழக்கில் 1974இலேயே உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, அனுமதி இல்லை என்ற பதிலை எழுத்தில் வாங்கிவிட்டால் உங்கள் பக்கம் பலமான வழக்குதான்.

அப்படியிருந்தும் இப்போது போடாதீர்கள் என்கிறேன். காரணம் நீங்கள் அனுப்பிய ஐந்தாவது புகைப்படம்.

ஷெட்டின் கூரை முழுவதும் தெரியட்டும் என்று மாடியில் நின்று எடுத்திருக்கிறீர்கள். படத்தின் இடது ஓரத்தில் பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புப் படிக்கட்டு ஒன்று உங்கள் வீட்டுப் பக்கச் சந்தில் இறங்குகிறது. அதன் கடைசிப் படிக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். அந்தச் சந்துதான் உங்கள் ப்ளானில் செட்பேக், அதாவது கட்டடத்துக்கும் எல்லைச் சுவருக்கும் நடுவில் காலியாக விடவேண்டிய இடம், என்று காட்டப்பட்டிருக்கும் இடம். கடிதத்தின் ஏழாம் பக்கத்தில் "2014இல் மகனுக்காக மாடி கட்டினோம்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அனுமதி வாங்கியது பற்றி ஒரு வார்த்தை இல்லை. பள்ளியின் தவறைக் காட்ட நீங்கள் எடுத்த படத்தை எதிர்த்தரப்பு வக்கீல் அப்படியே தன் பதில் மனுவோடு இணைத்துக்கொள்வார்.

என்னிடம் வழக்குக்கு வந்த பலர் விழுந்து நான் பார்த்த குழி இது. ஒருவரைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் அனுமதியில்லாமல் மூன்றாவது மாடி எழுப்புகிறார் என்று வந்தார். ஆவணமெல்லாம் சரியாக இருந்தது. அவர் வீட்டுப் பின்புறத்தில் கொலுசுப் பட்டறை நடத்துகிறார் என்பதை என்னிடமே சொல்லவில்லை. சேலத்தில் எத்தனையோ வீடுகளில் பட்டறை இருக்கிறது, தறி இருக்கிறது, அதை ஒரு மீறலாக அவர் நினைக்கவே இல்லை. ஆய்வுக்கு வந்தவர்கள் பக்கத்து வீட்டை அளந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கையில் தயாராக வைத்திருந்த எதிர்மனுவைக் கொடுத்தார். அதே டேப்பால் இவர் வீட்டையும் அளந்தார்கள். மூன்றாவது மாடிக்காரர் மேல்முறையீடு செய்து அவகாசம் வாங்கிக்கொண்டார். தீபாவளி ஆர்டரை நம்பி எட்டுப் பேர் வேலை பார்த்த பட்டறைக்கு சீல் விழுந்தது. சீல் வைத்த பூட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார். அன்றிலிருந்து, இப்படி யார் வந்தாலும் எதிராளியின் மீறலைக் கேட்கும் முன் அவர்கள் வீட்டு ப்ளானைத்தான் கேட்கிறேன்.

"சின்ன மீறல்தானே, வரன்முறைப்படுத்திக் கொள்ளலாம்", அதாவது கட்டியபின் சட்டப்படி சரிசெய்துகொள்ளலாம், என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே 1971 சட்டத்தின் 113சி பிரிவின்படி வந்த வரன்முறைத் திட்டம் 2007 ஜூலை 1க்கு முன் முடிந்த கட்டடங்களுக்கு. உங்கள் மாடி 2014. மேலும் 2024 டிசம்பர் 17இல் உச்ச நீதிமன்றம் மிகக் கறாராகச் சொல்லியிருக்கிறது: அனுமதியில்லாத கட்டடத்தை, ரொம்ப வருடமாக நிற்கிறது, நிறையச் செலவாகிவிட்டது என்ற காரணங்களால் காப்பாற்ற முடியாது. பள்ளிக்கு எதிராக நீங்கள் நீட்ட நினைக்கும் தீர்ப்பு அது. அதே தீர்ப்பு உங்கள் மகன் குடியிருக்கும் மாடிக்கும் பொருந்தும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு, இதைப் பலர் யோசிப்பதே இல்லை. உயர் நீதிமன்றம் நேராக "இடி" என்று உத்தரவு போடும் என்று எதிர்பார்க்கிறீர்கள். பெரும்பாலும் கிடைப்பது, உங்கள் மனுவை இத்தனை வாரத்தில் பரிசீலித்துச் சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற உத்தரவு. அதன்பேரில் அதே சட்டத்தின் 56ஆம் பிரிவில், அனுமதியில்லாததை அகற்றச் சொல்லி நோட்டீஸ் போகும். நோட்டீஸ் வாங்கிய பள்ளிக்கு இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன. 80ஏ பிரிவில் அரசிடம் முறையிடலாம். அது முடியும்வரை ஷெட் நிற்கும், நடுவில் கல்வியாண்டு முடியட்டும் என்ற இரக்கமும் சேர்ந்துகொள்ளும். அல்லது, இருப்பதை அப்படியே வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். குடியிருப்புப் பகுதியில் பள்ளியே கூடாது என்று விதி இல்லை. சுவரிலிருந்து விடவேண்டிய இடத்தை விட்டு, கட்டணத்தைக் கட்டி அவர்கள் அனுமதி வாங்கிவிட்டால், ஆறு மாத ஷெட் இருந்த இடத்தில் இரண்டு மாடி கான்கிரீட் எழும். அதை எதிர்க்க அப்புறம் உங்களிடம் எதுவும் இருக்காது. இன்றைக்கு அந்தத் தாளாளருக்கு அனுமதி வாங்கும் எண்ணம் இல்லை. அவரை அந்த வழியில் தள்ளிவிடுவது உங்கள் வழக்காகத்தான் இருக்கும்.

அதனால் சமரசம் பேசுங்கள். சங்கடமாக இருக்கும், தெரியும். ஆனால் பலமான வழக்கைக் கையில் வைத்துக்கொண்டு போடாமல் பேசும் ஆளுக்குத்தான் மரியாதை கிடைக்கும். போட்டபின் பேசினால் எதிராளிக்கும் உங்கள் மாடி தெரிந்திருக்கும்.

என்ன கேட்கலாம்? ஷெட்டை எடுக்கும் தேதி, அதுதான் முதுகெலும்பு. வரும் மே விடுமுறை என்று நாள் குறித்து வாங்குங்கள், "மராமத்து முடிந்ததும்" என்ற வாசகத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கூரைத் தண்ணீரைப் பள்ளிப் பக்கம் திருப்பும்படி தகரத்தின் ஓரத்தில் தூம்பு பொருத்த வேண்டும். அது ஒரு நாள் வேலை, இந்த வாரமே செய்யச் சொல்லலாம். பேசி முடித்ததை வெறும் வெள்ளைத்தாளில் எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்து, மக்கள் நீதிமன்றத்தில் தீர்வாகப் பதிவு செய்யுங்கள். அது சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. மே மாதம் தாண்டியும் எடுக்காவிட்டால் புது வழக்குத் தேவையில்லை, அந்தத் தீர்ப்பாணையை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்றுதல் மனு போதும்.

ஒன்றை மட்டும் பேரத்தில் வைக்காதீர்கள். மூன்றாவது படத்தில் ஷெட்டின் முகப்பு தெரிகிறது. இரண்டு வகுப்பறைக்கும் சேர்த்து ஒரே வாசல், அந்த வாசலை அடைத்தபடி பிள்ளைகளின் சைக்கிள்கள். எனக்கு அதைப் பார்த்ததும் கும்பகோணம்தான் நினைவுக்கு வந்தது. 2004 ஜூலை 16, பள்ளித் தீ விபத்தில் இறந்த தொண்ணூற்று நான்கு பிள்ளைகள். அங்கே கூரை கீற்று, இங்கே தகரம் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள என்னால் முடியவில்லை. வெளியே ஓட வழி வேண்டும். அதோடு சேலத்து ஏப்ரல் வெயிலில் நாற்பது டிகிரிக்கு மேல் போகும்போது அந்தத் தகரத்தின் கீழ் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் பதினொரு பக்கத்தில் அவர்களைப் பற்றி எதுவும் இல்லை என்பது எனக்கு வருத்தம்.

பள்ளி நடத்த கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் தரும் கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று நான்கும் வேண்டும். இவை இந்த ஷெட்டையும் சேர்த்து வாங்கப்பட்டவையா என்று தாளாளரிடம் கேளுங்கள். இரண்டாவது வாசல் திறக்கவும் சைக்கிள்களை அகற்றவும் ஒரு வாரம் கொடுங்கள். செய்யாவிட்டால், சமரசம் எந்த நிலையில் இருந்தாலும், உங்கள் மாடிக்கு என்ன ஆனாலும், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடமும் தீயணைப்பு நிலையத்திலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்பாக, பீரோவில் இருக்கும் ப்ளானை எடுங்கள். நீங்கள் வீடு கட்டியபோது சேலம் நகராட்சிதான், மாநகராட்சி ஆனது 1994இல். அந்தக் காலத்துக் கோப்பை ஆபீசில் தேடி எடுப்பது சுலபமில்லை, சீல் போட்ட உங்கள் பிரதிதான் உங்களுக்குச் சாட்சி. பதிவுபெற்ற பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டு, ப்ளானையும் வீட்டையும் ஒப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். மாடிக்கு இன்றைய விதியில் அனுமதி வாங்க வழி இருக்கிறதா என்று அவர் சொல்வார். இரும்புப் படிக்கட்டைக் கழற்றி வீட்டுக்குள் படி வைக்க முடியுமானால், தாளாளரைப் பார்க்கப் போகும் முன்பே கழற்றிவிடுங்கள். சந்தின் அகலத்தையும் மாடியின் பரப்பையும் குறித்து எனக்கு ஒரு பக்கத்தில் எழுதுங்கள், மற்றதை அதைப் பார்த்தபின் சொல்கிறேன்.