பரிசுத் தொட்டியில் ஆர்க்கிட்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பரிசாக வந்த பீங்கான் கிண்ணத்தில் ஆர்க்கிட், பீஸ் லில்லி, பெரணி மூன்றும் சேர்ந்திருக்கின்றன. பெரணி செழிப்பாக இருக்கிறது. ஆர்க்கிட் இலை மட்டும் துவண்டு சுருங்குகிறது. தண்ணீர் போதவில்லையா?

பதில்: பெரும்பாலும் தண்ணீர் கூடிப்போனதுதான் காரணம். வேர் அழுகிவிட்டால் தண்ணீர் இருந்தும் செடியால் உறிஞ்ச முடியாது, இலை வாடும். அதைப் பார்த்து இன்னும் ஊற்றினால் செடி பிழைக்காது.

பரிசுத் தொட்டிகளில் வரும் ஆர்க்கிட் பெரும்பாலும் ஃபெலனாப்சிஸ். காட்டில் மரக்கிளையைப் பற்றி வளர்வது. மழையில் நனைந்த வேர் காற்றில் உலரும். பெரணிக்கோ மண் காயவே கூடாது. இரண்டையும் ஒரே கிண்ணத்தில் வைத்தால் ஏதாவது ஒன்று கெடும். கிண்ணத்தில் வடிகால் துளை இல்லாவிட்டால் இன்னும் சீக்கிரம் கெடும். என்னைக் கேட்டால், இது சில வார அழகுக்கான ஏற்பாடு. நீண்ட நாள் வளர்க்க நினைப்பவர் பிரித்துவிட வேண்டும்.

மேலே பரப்பிய பாசியை விலக்கிப் பாருங்கள். பல தொட்டிகளில் ஒவ்வொரு செடியும் தனி பிளாஸ்டிக் தொட்டியோடுதான் உள்ளே இருக்கும். அப்படியானால் பூ இருக்கும்போதே தூக்கி எடுத்துவிடலாம். ஒரே கலவையில் நட்டிருந்தால் பூ உதிரும்வரை பொறுக்கலாம். ஆனால் உங்கள் செடிபோல இலை துவண்டிருந்தால் காத்திருக்கக் கூடாது.

வேரை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நல்ல வேர். பழுப்பாகி, கொழகொழவென்று தோல் உரிந்து வந்தால் அழுகியது; தீயில் காட்டிய கத்தரியால் வெட்டுங்கள். ஒன்றிரண்டு செ.மீ. அளவுள்ள மரப்பட்டைத் துண்டுகளை ஓர் இரவு ஊறவைத்து, அதில் நடுங்கள். தொட்டி மீதமுள்ள வேருக்குச் சரியாக இருந்தால் போதும். பெரிதானால் நடுவில் ஈரம் தங்கிவிடும். தோட்ட மண் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: பிரித்த பிறகு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர்?

பதில்: நாள்கணக்கை விட வேரின் நிறத்தை நம்புங்கள். ஈரமான வேர் பச்சையாகவும், காய்ந்த வேர் வெள்ளி நிறமாகவும் தெரியும். அதனால்தான் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டி நல்லது. வெள்ளியானதும் நன்றாக ஊற்றி, முழுதும் வடியவிடுங்கள். மரப்பட்டையில் இது ஏறக்குறைய வாரம் ஒருமுறை வரும். பாசியில் இன்னும் தள்ளிப்போகும். இலைகள் கூடும் குருத்தில் தண்ணீர் தேங்கினால் துணியால் ஒற்றி எடுங்கள். குருத்து அழுகிய செடி பிழைப்பது அரிது.

கேள்வி: மொட்டுகள் மஞ்சளாகி, விரியாமலே உதிர்கின்றன.

பதில்: இடம் மாறியது, ஏசி காற்று நேரே படுவது, வேர் காய்ந்தது அல்லது அழுகியது: இவற்றில் ஒன்றாக இருக்கலாம். பலர் கவனிக்காதது பக்கத்தில் இருக்கும் பழக்கூடை. பழுக்கும் வாழையும் ஆப்பிளும் விடும் எத்திலீன் வாயு மொட்டை உதிர்க்கும். கூடையை அகற்றுங்கள்.

கேள்வி: பூ முடிந்தபின் தண்டை எங்கே வெட்டுவது?

பதில்: தண்டு பச்சையாக இருந்தால் அடியிலிருந்து இரண்டாம் அல்லது மூன்றாம் கணுவுக்கு ஒரு செ.மீ. மேலே வெட்டலாம், அந்தக் கணுவிலிருந்து கிளைத்து மறுபடி பூக்கக்கூடும். காய்ந்திருந்தால் அடியோடு. வேர் இழந்த செடியில் பச்சைத் தண்டையும் அடியோடு எடுத்துவிடுங்கள். அதற்கு இப்போது பூவை விட வேர்தான் முக்கியம். புதுத் தண்டு வர, சில வாரங்கள் இரவு குளிர்ச்சியாக இருக்க வேண்டும். 20 டிகிரி செல்சியஸை ஒட்டியிருந்தால் நல்லது. வெளிச்சமும் வேண்டும், ஆனால் உச்சி வெயில் இலையைக் கருக்கும்.

கேள்வி: இலைக்கடியில் பஞ்சுபோல வெள்ளையாக இருக்கிறது.

பதில்: மாவுப்பூச்சி. 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, வாரம் ஒருமுறை மூன்று நான்கு தடவை திரும்பச் செய்யுங்கள். அதே தொட்டியில் இருந்த மற்றச் செடிகளையும் பாருங்கள்.

கேள்வி: வீட்டில் பூனை இருக்கிறது. ஆபத்தா?

பதில்: ஃபெலனாப்சிஸால் ஆபத்தில்லை. இத்தகைய தொட்டிகளில் கூட வரும் பீஸ் லில்லி, மணிபிளான்ட் இரண்டிலும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கடித்தால் வாய் எரிந்து எச்சில் வடியும், வாந்தியும் வரலாம். ஐவி என்ற படர்கொடியும் நச்சுச் செடிதான். பிரிக்கும்போதே இந்த மூன்றில் எது இருந்தாலும் பூனைக்கு எட்டாத உயரத்துக்கு மாற்றிவிடுங்கள்.