வயதானால் டாட்டூ அசிங்கமாகிவிடுமா? கையில் 35 வருடப் பச்சையோடு ஒரு செவிலியரின் பதில்

கேள்வி: எனக்கு 27 வயது. முன்கையில் டாட்டூ போட்டுக்கொள்ள ரொம்ப நாள் ஆசை. வீட்டில் "கிழவியானதும் பார்க்கச் சகிக்காது, அப்போது அழுவாய்" என்கிறார்கள். வயதான பிறகு டாட்டூ நிஜமாகவே எப்படி இருக்கும்? போட்டுக்கொண்டவர்கள் வருத்தப்படுகிறார்களா?

எனக்கு 58 வயது. இடது மணிக்கட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே ஒரு தும்பி இருக்கிறது. 23 வயதில் குத்திக்கொண்டது. நான் செவிலியர், கடைசி 19 வருடங்களாக முதியோர் இல்லத்தில் வேலை. வயதானவர்களைத் தினமும் குளிப்பாட்டித் துடைத்து உடை மாற்றிவிடுகிறேன். எழுபது, எண்பது வயதுத் தோலில் பச்சை எப்படி இருக்கும் என்று என் கண்ணுக்கும் கைக்கும் நன்றாகத் தெரியும். அதனால்தான் உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் நேரான பதில். கோடு தடிக்கும், நிறம் மங்கும். என் தும்பியின் இறக்கைகளில் மயிரிழை மாதிரி நரம்புகள் வரைந்திருந்தார்கள். நாற்பது வயது வாக்கில் அவை ஒன்றோடொன்று சேர ஆரம்பித்தன. இப்போது நான்கு இறக்கைகளும் நான்கு சாம்பல் பட்டைகள். புதிதாகப் பார்ப்பவர்களுக்குத் தும்பி என்று நான் சொன்னால்தான் புரிகிறது.

ஏன் இப்படி ஆகிறது? மேல்தோல் சில வாரங்களில் உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருக்கும். ஊசி மையை இறக்குவது அதற்குக் கீழே, உள்தோலில். உடம்புக்கு அந்த மை வேண்டாத பொருள்தான். மேக்ரோஃபேஜ் என்கிற விழுங்கு செல்கள் ஓடிவந்து துகள்களை விழுங்கிவிடுகின்றன. ஆனால் செரிக்க முடியாமல் உள்ளேயே வைத்துக்கொள்கின்றன. 2018இல் எலிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், அந்தச் செல் இறக்கும்போது வெளியே வரும் மையை அங்கே புதிதாக வரும் செல் எடுத்துக்கொள்வது தெரியவந்தது. பச்சை அழியாமல் இருப்பதற்கு இப்படி ஒரு கைமாற்று வேலை ஓயாமல் நடக்கிறது என்று படித்த அன்று, வெகுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

துகள்களில் ஒரு பங்கு நிணநீரோடு போய் நிணநீர்க் கணுக்களில், அதாவது நெறிகட்டும் இடங்களில், தங்கிவிடும். வெயில் நிறத்தைச் சிதைக்கும். வயது ஏற ஏற உள்தோல் மெலிந்து தளரும். கறுப்பு மை தோலுக்கு அடியிலிருந்து நீலமும் பச்சையுமாகத்தான் தெரியும். எண்பது வயதுக் கையைப் பார்க்கும்போதெல்லாம் "பச்சை" என்ற நம் சொல் எவ்வளவு பொருத்தம் என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, அது அசிங்கமா? உங்கள் வீட்டார் மனதில் பார்ப்பது 27 வயதுக் கையில் எண்பது வயதுப் பச்சையை. அப்படி ஒரு கை உலகத்தில் கிடையாது. அந்த வயதில் கையில் பழுப்புத் திட்டுகள் இருக்கும், நரம்பு புடைத்திருக்கும், லேசாக இடித்தாலே ரத்தம் கட்டும். அதற்கு நடுவில் மங்கிய ஒரு பச்சை இருந்தால் அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பதில்லை. நான் பார்த்தவரை, தன் பச்சை மங்கிப்போனதே என்று அழுத முதியவர் ஒருவர்கூட இல்லை.

ஆனால் வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். வேறு விதமான வருத்தங்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் இல்லத்தில் ஒரு பெரியவர் இருந்தார். மேல்கையில் ஒரு பெண்ணின் பெயர். மனைவியின் பெயர் அல்ல. கல்யாணத்துக்கு முன்னால் குத்திக்கொண்டது. ஐம்பது வருடம் முழுக்கைச் சட்டை போட்டே வாழ்ந்துவிட்டார். முதல் தடவை நான் சட்டையைக் கழற்றப் போனபோது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பழகிய பிறகு ஒருநாள் சொன்னார்: "பையன்களோட ஒருநாள்கூட தண்ணியில இறங்கிக் குளிச்சதில்லம்மா." அவருடைய மனைவியும் அங்கேதான் இருந்தார். அந்த அம்மா என்னிடம் தனியாகச் சொன்னது: "எனக்குக் கல்யாணமான முதல் மாசமே தெரியும். அந்தப் பேர் எனக்குக் கஷ்டமா இல்ல. அவர் மறைச்சதுதான் கஷ்டம்." இதை நீங்கள் கேட்காமலேயே சொல்கிறேன்: பெயர் வேண்டாம். அதிலும் காதலில் இருக்கும்போது வேண்டவே வேண்டாம்.

அங்கேயே இன்னொருவர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. 71 வயதில் முதல்முறையாக டாட்டூ போட்டுக்கொண்டவர். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்த தழும்பின் மேல் ஒரு கொடி. கதிர்வீச்சு சிகிச்சை கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் கதிர் படவேண்டும் என்று சிறு புள்ளிகளாகப் பச்சை குத்துவது உண்டு. அந்தப் புள்ளிகளும் அவர் உடம்பில் இருந்தன. "முதல் பச்சை நான் கேட்காம வந்தது. ரெண்டாவது நான் கேட்டு வந்தது" என்பார். குளித்து முடித்ததும் கண்ணாடி கேட்பார். அந்த வயதில் தன் உடம்பைப் பார்க்கக் கண்ணாடி கேட்கிறவர்கள் குறைவு. எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது.

இனி என் கதை. அந்தத் தும்பியை நான் தனியாகக் குத்திக்கொள்ளவில்லை. பயிற்சிக் கால விடுதித் தோழியும் நானும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே படத்தைக் குத்திக்கொண்டோம். வீட்டுக்குப் போனதும் அம்மா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. கடைசிவரை அவர் மனம் மாறவும் இல்லை. யாராவது வருகிறார்கள் என்றால் "வாட்ச் கட்டிக்கோ" என்பார். கட்டிக்கொள்வேன். அவர் பெற்று வளர்த்த உடம்பில் அவரைக் கேட்காமல் ஒரு ஊசி இறங்கியது அவருக்கு வலித்தது. அந்த வலியைப் பழமைவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. உங்கள் வீட்டாரின் கோபத்துக்கு அடியிலும் அப்படி ஏதாவது இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

தோழி 41 வயதில் தன் தும்பியை லேசர் வைத்து எடுத்துவிட்டாள். நாடி பார்க்கக் கையை நீட்டும்போதெல்லாம் நோயாளிகள் "இது என்ன, ஏன் குத்திக்கிட்டீங்க?" என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. "இது என்னோடதா இல்லாம எல்லாரோடதாவும் ஆயிடுச்சு" என்றாள். ஒன்பது சிட்டிங். ஒவ்வொன்றுக்கும் இடையே ஆறு முதல் எட்டு வாரம். லேசர் மைத்துகளை நொறுக்கும், நொறுங்கியதை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அகற்றும். அதனால்தான் அவ்வளவு இடைவெளி. கறுப்பு மை இதற்கு எளிதில் மசியும். மஞ்சள், வெள்ளை போன்றவை சுலபத்தில் போகாது. மாநிறமும் கறுப்புமான தோலில், தோலுக்கு நிறம் தரும் மெலனினும் ஒளியை இழுத்துக்கொள்ளும் என்பதால் தோல் மருத்துவர் சரியான லேசரைத் தேர்ந்தெடுத்து நிதானமாகச் செய்யவேண்டும், இல்லையென்றால் அந்த இடம் வெளுத்துப்போகலாம். அவளுக்கு அப்படித்தான் ஆயிற்று. வெயில் காலத்தில் சுற்றியுள்ள தோல் கறுக்கும்போது, அந்த இடத்தில் வெளிறிய ஒரு தும்பி தெரிகிறது.

அவள் எடுத்தபோது எங்கள் நட்பையே அழித்துவிட்டதுபோல எனக்கு மனத்தாங்கல். சில மாதம் சரியாகப் பேசவில்லை. அம்மா என்னிடம் செய்ததையே நான் அவளிடம் செய்கிறேன் என்று வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. வைத்துக்கொண்ட நானும் நிம்மதியாக இருக்கிறேன், எடுத்துவிட்ட அவளும் நிம்மதியாக இருக்கிறாள். இருவரும் ஒன்றாக ஓய்வு பெற்று ஒன்றாக ஊர் சுற்றுவதாகத் திட்டம்.

எண்ணிக்கை வேண்டுமென்றால்: அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2023இல் எடுத்த கருத்துக்கணிப்பில், வயது வந்தவர்களில் 32 சதவீதம் பேருக்கு டாட்டூ இருந்தது. அவர்களில் 24 சதவீதம் பேர், போட்டுக்கொண்டதில் ஒன்றையாவது நினைத்து வருந்தியதுண்டு என்றார்கள். நாலில் ஒருவர் என்பது சின்ன எண் அல்ல. ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். 65 வயதைத் தாண்டியவர்களில் 13 சதவீதம் பேரிடம்தான் டாட்டூ. 30 முதல் 49 வரை உள்ளவர்களில் 46 சதவீதம். அந்த 46 சதவீதம் பேரும் கிழவன் கிழவியாகும்போது, முதுமையில் பச்சை என்பது அங்கே யாரையும் திரும்பிப் பார்க்க வைக்காது.

எல்லா இடத்திலும் ஒரே பார்வை என்றும் இல்லை. பிலிப்பைன்ஸின் கலிங்கா மலைப்பகுதியில் வாங்-ஓட் என்கிற மூதாட்டி முள்ளும் கரியும் வைத்துப் பச்சை குத்துகிறார்; 2023இல், 106 வயதில், வோக் ஃபேஷன் பத்திரிகையின் பிலிப்பைன்ஸ் பதிப்பு அவரை அட்டையில் போட்டது. கை நிறைய மங்கிய பச்சையோடு அவர் இருக்கும் படத்தைத் தேடி உங்கள் வீட்டாரிடம் காட்டுங்கள். ஜப்பானில் 1872 முதல் 1948 வரை பச்சை குத்துவதே தடைசெய்யப்பட்டிருந்தது. இன்றும் டாட்டூ உள்ளவர்களை உள்ளே விடாத பொதுக் குளியல் இல்லங்கள் அங்கே உண்டு. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கைதிகளின் கையில் அவரவர் அடையாள எண்ணைப் பச்சை குத்தினார்கள். தப்பிப் பிழைத்தவர்களில் சிலர் அதை அகற்றினார்கள். சிலர் முதுமைவரை வைத்திருந்தார்கள். சிலருடைய பேரப்பிள்ளைகள் அதே எண்ணைத் தங்கள் கையில் குத்திக்கொண்டார்கள். ஒரே குடும்பத்தில், ஒரே எண்ணைப் பற்றி இத்தனை மனநிலைகள். அதனால் "பச்சை என்றாலே அழகு", "பச்சை என்றாலே அசிங்கம்" என்று யார் பேசினாலும் எனக்கு ஒப்பவில்லை.

செவிலியராக ஒன்று சொல்லவேண்டும். தோலில் எழுதியது நமக்காகப் பேசிவிடும் என்று நம்பாதீர்கள். 2017இல் வெளிவந்த ஒரு மருத்துவக் குறிப்பில், ஃபுளோரிடாவில் நினைவிழந்து கொண்டுவரப்பட்ட 70 வயதுக்காரர் ஒருவரின் மார்பில் "உயிர்மீட்பு சிகிச்சை வேண்டாம்" என்று பச்சை இருந்தது, கையெழுத்தோடு. மருத்துவர்கள் முதலில் தயங்கிச் சிகிச்சையைத் தொடங்கினார்கள். நெறிமுறை ஆலோசகர்கள் அவர் விருப்பப்படி விடலாம் என்றார்கள். அப்புறம்தான் அவர் முறைப்படி எழுதிவைத்த ஆவணமும் கிடைத்தது. தயங்கியதற்குக் காரணம் இருக்கிறது. 2012இல் பதிவான இன்னொருவர் அதே வாசகத்தின் ஆங்கிலச் சுருக்கத்தைச் (டி.என்.ஆர்.) சீட்டாட்டப் பந்தயத்தில் தோற்றுக் குத்திக்கொண்டவர். கேட்டபோது தனக்குச் சிகிச்சை வேண்டும் என்றே சொன்னார். மனிதர் மாறுவார், மை அப்படியே இருக்கும்.

நீங்கள் முடிவெடுத்துவிட்டால் சில விஷயங்கள். படத்தைப் பெரிதாக, குறைந்த கோடுகளோடு, கோடுகளுக்கு இடையே தாராளமாக இடம் விட்டு வரையச் சொல்லுங்கள். மயிரிழை வேலைப்பாடுதான் முதலில் கலங்கும். முன்கை நல்ல இடம்தான். விரல், உள்ளங்கை சீக்கிரம் மங்கும். வயிறு உடம்போடு ஏறி இறங்கும். முன்கை முழுவதையும் கறுப்பால் நிரப்பாதீர்கள். பின்னாளில் தோல் சிவந்திருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்கிறவர்களுக்குச் சிரமம். மச்சத்தின் மேல் ஊசி படவே கூடாது, அதில் வரும் மாற்றம் தெரியாமல் போய்விடும். ஊசியும் மைக் கிண்ணமும் உங்கள் கண் முன்னால் புதிதாகப் பிரிக்கப்படவேண்டும். ஏற்கெனவே பயன்படுத்தியதென்றால் ஹெபடைடிஸ் பி, சி என்கிற கல்லீரல் தொற்றுகள் அதன் வழியாகப் பரவலாம். எம்ஆர்ஐ எடுக்க முடியாமல் போகும் என்ற பயம் பொதுவாகத் தேவையில்லை. டாட்டூ இருப்பதை முன்கூட்டியே சொன்னால் போதும்.

படத்தை ஒரு தாளில் வரைந்து, தினமும் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு வருடம் ஒட்டிவையுங்கள். ஒரு வருடத்துக்குப் பிறகும் அது அலுக்கவில்லை என்றால் போய்க் குத்திக்கொள்ளுங்கள். பொருக்கு தானாக உதிரட்டும், சொறியாதீர்கள். ஆறின பிறகு வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன் தடவுங்கள். நான் அதைச் செய்யாமல் விட்டதில்தான் என் தும்பி இவ்வளவு வேகமாக வெளுத்தது. வேறு ஏதாவது கேட்கவேண்டுமென்றால் கீழே எழுதுங்கள், இரவு ஷிப்ட் முடிந்து வந்து பதில் போடுகிறேன்.