எட்வர்ட்ஸின் 26 தொகுதிகள்: வாங்கலாமா?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

திசையன்விளைப் பக்கம் ஒரு சிறிய சபையில் உபதேசியாராக இருக்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்கப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸின் எழுத்துகள், யேல் பல்கலைக்கழகப் பதிப்பின் 26 தொகுதிகளும், வேதாகம மென்பொருள் ஒன்றில் தள்ளுபடியில் வந்திருக்கின்றன. தள்ளுபடி போகவும் என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் ஆகிறது. தவணையில் கட்டலாம் என்கிறார்கள். மாதக் கடைசியோடு சலுகை முடிகிறது. வாரம் மூன்று பிரசங்கம் செய்கிறவனுக்கு உதவுமே என்று ஆசை. வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஓர் உபதேசியார்

அன்புள்ள உபதேசியார் அவர்களுக்கு,

வாங்க வேண்டாம். வீட்டில் சொல்வதுதான் சரி. ஆனால் எட்வர்ட்ஸை விட்டுவிடாதீர்கள். அதற்காகத்தான் பதிலைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

1957 முதல் 2008 வரை அரை நூற்றாண்டு உழைத்து இந்த 26 தொகுதிகளைக் கொண்டுவந்த யேல், தன் எட்வர்ட்ஸ் மையத்தின் இணையதளத்தில் அவற்றை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. அச்சில் வராத பிரசங்கங்களும் குறிப்புகளும் சேர்ந்து அங்கே 73 தொகுதிகள். மென்பொருளில் கூடுதலாகக் கிடைப்பவை வசதிகள்: வசன எண்ணைத் தொட்டால் வசனம் திறக்கும், நெட் இல்லாமலும் படிக்கலாம், உங்களிடம் உள்ள மற்ற நூல்களோடு சேர்த்துத் தேடலாம். நல்ல வசதிகள்தான், ஆனால் கடன்பட்டு வாங்க வேண்டியவை அல்ல. அப்புறம், காசு கொடுத்தாலும் பெரும்பாலும் உங்களுக்குக் கிடைப்பது படிக்கும் உரிமம் மட்டுமே. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கியவர்களின் புத்தகங்களும் சேர்ந்தே போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், புத்தகம் போனது போனதுதான்.

எனக்குக் கவலை தந்தது, பிரசங்கத்துக்கு உதவும் என்று நீங்கள் எழுதியது. சனிக்கிழமை ராத்திரி ஒரு சொல்லைப் போட்டுத் தேடி, கிடைத்த நாலு வரியை ஞாயிறு ஆராதனையில் ‘எட்வர்ட்ஸ் சொல்கிறார்’ என்று சொல்லலாம். வேறு சிலரிடம் அது தாங்கும். எட்வர்ட்ஸிடம் தாங்காது.

1746இல் வந்த அவருடைய ‘ரிலிஜியஸ் அஃபெக்‌ஷன்ஸ்’ (சமய உணர்வுகள்) நூலையே பாருங்கள். எழுப்புதல், அதாவது சபைகளில் ஒரு பெரும் பக்தி எழுச்சி, வந்து ஜனங்கள் கதறினார்கள், விழுந்தார்கள். இது தேவனுடைய கிரியைதானா என்று அவர் வாழ்ந்த அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதி முழுக்க வாக்குவாதம். அவர் இரண்டாம் பகுதியில் பன்னிரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்கிறார். உணர்ச்சி பொங்குவது, உடம்பில் தெரியும் விளைவுகள், வசனங்கள் திடீரென்று மனதில் வருவது முதலானவை. ஒருவன் உண்மையாகவே தேவனால் தொடப்பட்டான் என்பதற்கும் இவை சாட்சி அல்ல, தொடப்படவில்லை என்பதற்கும் சாட்சி அல்ல என்கிறார். மூன்றாம் பகுதியில்தான் உண்மையான அடையாளங்கள் பன்னிரண்டு வருகின்றன. அவற்றில் கடைசி அடையாளமான நடத்தைக்கே மிக அதிகப் பக்கங்கள். இடையில் ஒரு பத்தியை மட்டும் உருவினால் அவரை உணர்ச்சி பொங்கும் கன்வென்ஷன் பந்தலுக்கு வக்கீலாகவும் ஆக்கலாம், எதிர்க்கட்சியாகவும் ஆக்கலாம்.

நமக்கு இது தூரத்து விஷயம் அல்ல. மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்த சுவிசேஷகர் அருளப்பன் நாளில், 1860இல், நம் திருநெல்வேலிச் சீமையில் வந்த எழுப்புதலிலும் அழுகையும் நடுக்கமும் இருந்தன. மிஷனரிகளிடையே இதே கேள்வி எழுந்தது. இன்றும் உபவாசக் கூட்டம் முடிந்து வெளியே வந்தால் இதே பேச்சுதான். உங்கள் சபையில் ஒரு பெண் அழுது விழுந்தால் அவளிடம் என்ன சொல்வது, அவளைப் பரிகாசம் செய்கிறவர்களிடம் என்ன சொல்வது? இதற்கு 26 தொகுதிகள் வேண்டாம். அந்த ஒரு நூலை முதலிலிருந்து கடைசிவரை படித்த உபதேசியார் வேண்டும்.

தேடும் வசதி உண்மையிலேயே உதவும் இடம் ஒன்று உண்டு. இளவயதிலிருந்து சாகும்வரை அவர் எழுதிச் சேர்த்த ‘மிசலனீஸ்’ குறிப்புகள். எண்ணிட்டவை மட்டும் ஆயிரத்து முந்நூறுக்கு மேல். அவற்றுக்கு அவரே ஒரு பொருளடைவு தயாரித்தார். அதற்குள் இறங்கும் நாள் வந்தால், கையில் காசும் இருந்தால், அப்போது மென்பொருளைப் பற்றி யோசிக்கலாம். தள்ளுபடி திரும்பவும் வரும்.

இப்போதைக்கு யேல் தளத்தில் இரண்டாம் தொகுதியைத் திறங்கள். அதுதான் நான் சொன்ன நூல். வாக்கியங்கள் நீளம், பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலம். தினம் நாலைந்து பக்கம் போதும். போனில் கண் வலித்தால் அந்த ஒன்றை மட்டும் அச்சில் வாங்குங்கள்.

இன்னொன்றும் தெரிந்தே படிக்க வேண்டும். நடத்தையே பெரிய அடையாளம் என்று எழுதிய இவர், 1731இல் நியூபோர்ட்டில் வீனஸ் என்ற 14 வயதுச் சிறுமியை 80 பவுண்டு கொடுத்து அடிமையாக வாங்கியவர். விற்பனைச் சீட்டு இருக்கிறது. எனக்கு இது ஆறாத வருத்தம்.

பன்னிரண்டாவது அடையாளத்தைப் படித்ததும் எனக்கு எழுதுங்கள். நடத்தையை அவ்வளவு அழுத்திச் சொன்னால், சபையிலுள்ள எளிய ஜனங்கள் தங்களைச் சோதித்துச் சோதித்தே சோர்ந்துபோக மாட்டார்களா என்று எனக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. தினமும் அவர்கள் வீட்டுக்குப் போய் ஜெபிக்கிற உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்க வேண்டும்.